கீறலும் எழுத்தும்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படம் வரைவதில்லை, கீறுகிறார்கள். "சேர், யானை கீறிட்டன்" என்று கொப்பியை நீட்டுவார்கள். மேசையில் ஆணியால் இழுத்து வைப்பதும் கீறல்தான். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். வித்தியாசம் கீறியவனின் நிய்யத்தில் இருக்கிறது. பலகைக்கு அது தெரியாது. தேய்க்கும் எமரித் தாளுக்கும் தெரியாது.

பழைய துவக்கொன்று கைக்கு வந்தவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, அதன் இரும்பில் விழுந்திருக்கும் கீறல்களை எப்படி எடுப்பது என்பதைத்தான். எடுக்கலாமா என்று கேட்பவர் குறைவு. கீறலை எடுப்பது என்ற சொல்லே சரியில்லை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எடுத்து வீச முடியாது. அதைச் சுற்றியுள்ள மேட்டை, பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கத்தான் முடியும். ஆக, ஒரு கீறலை இல்லாமலாக்க, கீறப்படாத இரும்பு முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கிறது. அதோடு சேர்ந்து போவன பல: கொல்லன் அடித்த முத்திரை, சோதனைச் சாலையின் அடையாளம், கண்டிய வேலைப்பாடாயின் குழலில் பதித்த மெல்லிய வெள்ளி. மண்ணிறப் படலமும் போகும். அதை அழுக்கென்று எண்ணுவோர் உண்டு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் துவக்குக் குழலுக்கு வேண்டுமென்றே அளவாகக் கறள் ஏற்றி, அதையே நிறமாக்கி நிறுத்தும் வேலை இருந்தது. அப்படிப்பட்ட குழலை வெள்ளையாகத் துலக்குகிறவர் கொல்லனின் கடைசி வேலையைத்தான் அழிக்கிறார்.

நான் முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில் பித்தளை மணியொன்று இருந்தது. விழாவுக்கு விழா பிராசோ போட்டுத் துலக்குவார்கள். அதில் அன்பளித்தவரின் பெயர் இருந்ததாம். என் காலத்தில் விரல் வைத்துத் தடவினால் ஒன்றிரண்டு எழுத்துகள் தட்டுப்படும், அவ்வளவுதான். மணி மட்டும் தங்கம் போல் மின்னியது.

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. அள்ளிச் சென்றவற்றுள் ஒன்று லேவ்கே திசாவையின் பீரங்கி: வெண்கலம், மேலே வெள்ளி, பொன், மாணிக்கக் கற்கள். மகா துவக்கு எனப்படும் பெருந் துவக்குகள் இரண்டும் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன. (துவக்கு என்ற சொல் துருக்கியிலிருந்து கிளம்பிச் சிங்களத்துக்கும் நமக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது வேறொரு கதை.) ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த இவை, வாள்களோடும் கத்தியோடும் சேர்த்து ஆறு பொருட்களாக 2023இல் திரும்பி வந்தன. யாருடையது, எப்படிப் போனது என்பதைப் பல வருட ஆய்வுக்குப் பின்னரே நிறுவினார்கள். பழைய ஆவணங்களோடு பொருளும் சாட்சியாயிற்று. 1745-46இல் மன்னருக்குத் திசாவை அளித்த கொடை என்பதைப் பீரங்கியில் வெட்டிய சிங்கள எழுத்தே சொல்கிறது. அந்த எழுத்தும் உலோகத்தில் விழுந்த கீறல்தான். சுத்தத்தில் ஆர்வம் மிகுந்த ஒரு பணியாளர் எந்தத் தலைமுறையிலாவது வாய்த்திருந்தால் எங்கள் மணியின் கதைதான்.

எனக்காகக் கறளைத் தின்னவிட வேண்டாம். செங்கறள் உயிருள்ளது, விட்டால் முத்திரையையும் கீறலையும் சேர்த்தே தின்றுவிடும். மென்மையான எண்ணெய் தடவித் துடைத்து, மெழுகு பூசிக் காற்றை மறிப்பது காவல். நேற்று இடம் மாற்றும்போது அலுமாரிக் கம்பி உரசிய கீறலுக்காகவும் நான் வாதாடமாட்டேன். ஆனால் துலக்கிய துவக்கைத் தொட்டதேயில்லை என்று விற்பவர், ஐபை மறைத்துப் பொருள் விற்பவர். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபியவர்கள் கண்டித்தது வாசகருக்குத் தெரியும்.

இன்னொரு வகைத் தடமும் துவக்கோடு சேர்ந்தது. அது துவக்கின் மேலே இருப்பதில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் சுட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். மீரா ஜும்ஆவின் சுவரில் சன்னம் பாய்ந்த குழிகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். மேசன் ஒருவருக்கு அரைநாள் வேலை. சீமெந்தும் சுண்ணாம்பும் போதும். பார்க்கப் பார்க்கப் பகை வளரும், மூடிவிடலாம் என்று சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அதைச் சொல்லும் உரித்து எல்லோருக்கும் ஒரேயளவு இல்லை. அந்த ஸஃப்பில் வாப்பாவை இழந்த மகன் ஒரு நாள் பூசச் சொன்னால் எனக்குப் பேச வாயில்லை. துவக்கைப் பிடித்திருந்த பக்கத்திலிருந்து ஒருவர் சாந்தகப்பையோடு வந்தால், அவர் முதலில் அந்த மகனிடம் போய்க் கேட்கட்டும். பழந்துவக்கின் உரிமையாளரிடமும் எனக்கு இருப்பது இதே கேள்விதான்: விலை கொடுத்து வாங்கியது இரும்பையும் மரத்தையும், அதன் முன்னால் நின்றவர்களின் பங்கையும் யார் அவருக்கு எழுதிக் கொடுத்தது?