வேல் கொடுத்தவளும் ஒரு அம்மாதான்

ஓம் சரவணபவ.

போன வாரம் என் பையன் யூனிபார்ம்ல நிக்கிற போட்டோவை ஸ்டேட்டஸ்ல வச்சேன். தம்பிங்க நிறைய பேர் "வெற்றிவேல் வீரவேல்"னு அனுப்பியிருந்தீங்க, மனசு நிறைஞ்சுது. ஒரு தங்கச்சி மட்டும் தனியா கேட்டா: "பெருமையா இருக்குக்கா, ஆனா உங்களுக்கு பயமா இல்லையா?" அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுபோச்சு. அதான் எல்லாருக்குமே போடறேன்.

எங்க வேலூர் பக்கம் பட்டாளம் புதுசு இல்ல. கம்மவான்பேட்டைனு ஒரு ஊரையே ராணுவப்பேட்டைனுதான் கூப்பிடுவாங்க. ஆனா எங்க வீட்ல இவன்தான் முதல் ஆள். ப்ளஸ் டூ படிக்கும்போதே விடியக்காலை ஏரிக்கரைல ஓடுவான். 1,600 மீட்டரை அஞ்சரை நிமிஷத்துல முடிச்சாதான் முழு மார்க்காம். போன்ல டைம் பாக்குறது என் வேலை. முதல் நாள் ஆறு நிமிஷத்துக்கு மேல. "இன்னும் வேகமா ஓடுறா"னு கத்தினவளே நான்தான். எங்கே ஓடிப் போறான்னு அப்போ யோசிக்கல.

எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தேறிட்டான். (நடுவுல "பணம் கொடுத்தா வேலை முடிச்சுத் தரேன்"னு ஒருத்தர் வந்தாரு. யார் வந்தாலும் நம்பாதீங்க, ஓடினது இவன் கால் மட்டும்தான்.) அப்புறம்தான் ஒரு தாள் வந்துச்சு. அக்னிவீரா சேர பதினேழரை வயசு போதும், ஆனா 18 முடியலைன்னா பெத்தவங்க கையெழுத்து வேணும். இவனுக்கு ரெண்டு மாசம் குறைச்சல். அப்பா போட்டாலே போதும். இவன் என் முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, "அம்மா, நீ போடும்மா"ன்னான்.

போடல. அந்தத் தாளை சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுட்டேன். சொந்தக்காரங்க வேற, "நாலு வருஷம்தானே, 25 சதவீதம் பேரைத்தானே மேல வச்சுப்பாங்க, அப்புறம் என்ன பண்ணுவான்?"னு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனா என் கை நின்னது அதனால இல்ல.

அப்போ ஐப்பசி சஷ்டி. என் அக்காவைக் கொடுத்த ஊர் நாகப்பட்டினம், அங்கே போயிருந்தோம். பக்கத்துலதான் சிக்கல். சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்னு சொல்லுவாங்களே, அந்த சிக்கல். அஞ்சாம் நாள் ராத்திரி சிங்காரவேலர், அம்மா வேல்நெடுங்கண்ணிகிட்ட வேல் வாங்குவார். வாங்கினதும் திருமேனியில முத்து முத்தா வியர்வை அரும்பும். அர்ச்சகர் பட்டுத்துணியால ஒத்தி எடுப்பார், மறுபடியும் அரும்பும். வேலோட உக்கிரம்னு பெரியவங்க சொல்றாங்க, சரிதான்.

கூட்டம் மொத்தமும் பிள்ளையைப் பார்த்து "அரோகரா"ன்னு கத்துது. நான் மட்டும் அம்பாள் சந்நிதியையே பார்த்துக்கிட்டு நின்னேன். வேலைக் கொடுத்துட்டு அவ உள்ளேயே நிக்கிறா, பிள்ளை போயிடுறான். அவன் ஜெயிப்பான்னு பராசக்திக்குத் தெரியாதா? தெரிஞ்சும், வெறுங்கையோட அனுப்ப மனசு வரல பாருங்க.

ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். அன்னைக்குத் தூங்கலைங்கிறதையும் சொல்லிடறேன்.

அவனுக்கு நான் கொடுத்து அனுப்ப என்ன இருக்கு? கவசம் ஒண்ணுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தினமும் கந்த சஷ்டி கவசம் படிக்கிறேன், அடுப்புல குக்கர் விசில் எண்ணிக்கிட்டே. இவன் போன மறுநாள் படிக்கிறேன், கண்ணுன்னு வருது, காதுன்னு வருது, தோள், முதுகு, தொடை, கணைக்கால், கால் விரல் வரைக்கும் வருது. தேவராய சுவாமிகள் ஒரு உறுப்பைக்கூட விடல. அன்னைக்குத்தான் ஒவ்வொண்ணும் யாருடையதுன்னு பார்த்துப் படிச்சேன். முழங்கால் வந்ததும் நின்னுட்டேன், ஏழு வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்த தழும்பு அங்கேதான் இருக்கு. கால் மணி நேரத்துல முடியுறது அன்னைக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

அவனுக்குப் பயிற்சி குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல, மெட்ராஸ் ரெஜிமெண்ட். அவங்க சின்னத்துல யானை இருக்கு. நம்ம திருத்தணியிலயும் முருகன் முன்னாடி தெய்வானையோட வந்த யானைதானே நிக்குது, அதுல எனக்கு ஒரு சந்தோஷம். ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னான்: "அம்மா, எங்க போர் முழக்கம் என்ன தெரியுமா? வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. எறும்பு மிதிச்சாலும் அழுத பிள்ளை.

அடுத்த ஞாயிறு அவனுக்குச் சூரபத்மன் கதையைச் சொன்னேன். தெரிஞ்ச கதைதாம்மான்னான், பரவால்ல கேளுன்னேன். முருகன் எடுத்த எடுப்புல வேல் விடல. முதல்ல வீரபாகுவைத் தூது அனுப்பினான், தேவர்களைச் சிறையிலேர்ந்து விட்டுடுன்னு. சூரன் கேக்கல, அப்புறம்தான் போர். கடைசியில மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்துச்சு. அப்பவும் அவனை இல்லாம ஆக்கல. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒண்ணைத் தனக்கு வாகனமாக்கிட்டான், இன்னொண்ணைக் கொடியில வச்சுக்கிட்டான். "தேவசேனாபதியே அப்படி இருக்கான்டா கண்ணு. துப்பாக்கி புடி, வேணாங்கல. கோபத்தை மட்டும் கையில எடுக்காத"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரிம்மா, டைம் ஆச்சு"ன்னு வச்சுட்டான்.

பயமா இல்லையான்னு கேட்ட தங்கச்சிக்கு: இருக்கும்மா. பெருமை வந்தா பயம் போயிடும்னு நினைச்சேன், போகல. ரெண்டும் ஒரே வீட்லதான் குடியிருக்கு.

போன வாரம் சத்தியப் பிரமாண அணிவகுப்பு. எல்லாரும் ஒரே மாதிரி முடி வெட்டி, ஒரே மாதிரி நடந்து வராங்க, பெத்தவளுக்கே அடையாளம் தெரியல. அவர்தான், "அதோ, மூணாவது வரிசை"ன்னு காட்டினார். முடிஞ்சதும் பெத்தவங்க நெஞ்சுலயும் ஒரு பதக்கம் குத்தினாங்க. அவர் அழுதுட்டார், நான் அழல.

கூட்டம் கலைஞ்சதும் பையன் வந்தான். விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான். அவன் கையைப் பிடிச்சேன். அந்த மலைக் குளிர்லயும் உள்ளங்கை நனைஞ்சிருந்துச்சு. முந்தானையால துடைச்சுவிட்டேன். திரும்பவும் வியர்த்துச்சு.

முருகா சரணம்.