பொதுக் கடலும் தனிக் கணக்கும்

2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி அதிகாலை, நெடுந்தீவுக்கு அப்பாலுள்ள கடலில் இராமேஸ்வரத்துப் படகொன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. ஒரு மீனவர் இறந்தார், இன்னொருவர் காணாமற்போனார். அதே ஆண்டு ஜூனில், இந்திய இழுவைப் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். 2021 ஜனவரியில் இதே நெடுந்தீவுக் கடலில் நான்கு மீனவர் மாண்டனர். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் எல்லை தாண்டியது யார், மோதியது யார் என்ற வாதம் இரு கரைகளிலும் மூள்கிறது. மீனவரை அங்கே இட்டுச்சென்ற, கடலடியை வாரும் இழுவைமடியைப் பற்றிய பேச்சோ விரைவில் அடங்கிவிடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் உரிய கடலை அடியோடு வாரி அழிப்பது அறப்பிழை. ‘மற்றவனும் செய்கிறான்’ என்ற நியாயம் அந்தப் பிழையைக் கழுவாது.

பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாட்டாளர் இந்த நியாயத்தின் உள்ளமைப்பை விளக்கியுள்ளனர். றோலர் எனப்படும் இழுவைப் படகொன்றின் உரிமையாளரின் கணக்கைப் பாருங்கள். இன்று வாரும் மீனின் வரவு முழுவதும் அவருக்கு. குஞ்சும் முட்டையும் கடற்றாவரமும் அழிவதன் நட்டம் பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் பங்காகிறது. அதில் அவர் தலைக்கு வருவது சொற்பம். அவர் மட்டும் விலகினால் கடல் பிழைக்காது. அவருடைய மீனை அடுத்த படகு அள்ளும். ஆகவே தொடர்வதே புத்தி என்று கணக்குச் சொல்கிறது. ஒவ்வொருவரும் இப்படிப் புத்திசாலியானால் கடைசியில் எல்லோருக்கும் வெறுங்கடல்தான் மிஞ்சும். கரெற் ஹார்டின் 1968இல் பொதுவளங்களின் அவலம் என்று எழுதியது இதைத்தான். பொதுநன்மை எல்லோருக்கும் தேவையென்றாலும் அதற்கான சுமையைப் பிறர் தலையில் விடவே ஒவ்வொருவரும் முனைவர் என்று மான்கர் ஒல்சன் 1965இலேயே காட்டியிருந்தார்.

அந்தச் சுமை இன்று யார் தலையில் இருக்கிறது? ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் சிறுபடகில் நண்டுவலையும் மீன்வலையும் விடுபவரின் தலையில். போர்க்காலத்தில் கடலுக்கே போகமுடியாதிருந்தவர்கள் அவர்கள். 2009இன் பின் கடன்பட்டு வலை வாங்கினார்கள். இராமேஸ்வரத்து றோலர்கள் வழமையாகக் கடலிறங்கும் திங்கள், புதன், சனி நாட்களில் வலை அறுந்துபோகும் என்று அஞ்சிக் கரையில் இருக்கிறார்கள். கடனும் வட்டியும் அந்த நாட்களில் ஓய்வதில்லை.

நம் முன்னோர் இந்த அநீதியை அறிந்திருந்தார்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறுநிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்தழிப்பதே மிகும் என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுரைத்தார். இழுவைமடியின் தீமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. பிறர் பொருளையும் தம்முடையதைப் போலப் பேணுவதே வாணிகத்துக்கு அழகு என்று நடுவுநிலைமையில் சொன்ன வள்ளுவர், நடுவின்றிப் பிறர்பொருளை விரும்புவோரின் குடி கெடும் என்று வெஃகாமையில் எச்சரித்தார். இந்திரரின் அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர் இருப்பதாலேயே உலகம் நிலைக்கிறது என்று புறநானூற்றில் பாடினான் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், பல்லுயிர் காக்கும் அமுதசுரபியைத் தன் ஓருயிர் காக்கப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்நீத்தான். அந்தப் பெருமைக்கு நாம் தகுதியானவர்களா என்பதைக் கடலில் நடந்துகொள்ளும் முறைதான் சொல்லும்.

இராமேஸ்வரத்துக் கூலித் தொழிலாளிக்கும் பசியும் பிள்ளைகளும் உண்டு என்பது உண்மை. இழுவைமடியை அந்தக் கரைக்குக் கொண்டுவந்து ஊக்குவித்ததும் அரசின் திட்டங்களே. அவருக்கு மாற்றுத்தொழில் தரவேண்டிய கடமை அரசுகளுக்கு உண்டு. எனினும் ஒருவரின் பசி இன்னொருவரின் உலையை அணைக்கும் உரிமையாகாது.

அரசியலும் இதே தனிக் கணக்கில் சிக்கியிருக்கிறது. மடியைக் கைவிடச் சொல்லும் தமிழக வேட்பாளர் வாக்கிழப்பார். தமிழகத்தைக் கண்டிக்கும் யாழ்ப்பாணத் தலைவர் அங்குள்ள ஆதரவை இழக்க அஞ்சுவார். 2024 இந்தியத் தேர்தலில் கச்சதீவு யாருக்கு உரியது என்பது பெரும் விவாதமானது. தீவு யாருடையதானாலும் மடி மடிதான் என்பதைச் சொல்ல ஆளில்லை. 2017இல் இந்தியா 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றத் திட்டமிட்டது. அதில் சிறு பங்கே நிறைவேறியது. அதே ஆண்டில் இலங்கை, 11ஆம் இலக்கச் சட்டத்தால் இழுவைமடியைத் தடைசெய்தது. உள்ளூர் றோலர்கள் இன்னும் ஓடுகின்றன. சொந்தக் கரையில் சட்டத்தை மீறுபவருக்கு அடுத்த கரையைக் குற்றஞ்சாட்டும் தகுதி குறைவு.

தன்னலக் கணக்கை மாற்றமுடியாது என்பாருக்கு எலினோர் ஒஸ்ட்ரொம் விடை தந்திருக்கிறார். பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே கூடி விதிசெய்து, கண்காணித்து, மீறுவோரைத் தண்டித்து நூற்றாண்டுகளாகக் காத்துவந்த ஊர்களை 1990இல் வெளியான நூலில் அவர் காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். பாக்கு நீரிணையிலும் சான்று உண்டு. தமிழகக் கரையில் றோலருக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் றோலர்கள் கரையில் நிற்கின்றன. உள்ளூர் அயலவருக்காக நாளைப் பங்கிடவும் 61 நாள் பொறுக்கவும் முடிந்தவர்களால், எதிர்க்கரை அயலவருக்காக மடியைக் கைவிடவும் முடியும்.

ஆகவே இரு கரைத் தொழிலாளரும் நேரில் அமர்ந்து, மடியைக் கைவிடும் நாளைக் குறிக்கட்டும். அரசுகள் அதற்கான நட்டஈட்டைக் கொடுக்கட்டும். தீவகத்துக் கடற்றொழிலாளர் சங்கங்கள் தம் அங்கத்தவர் எவரும் தடைசெய்த தொழிலில் இறங்காதபடி முதலில் தம் வீட்டை ஒழுங்காக்கட்டும். அடுத்தவன் திருந்தட்டும் என்று காத்திருப்பவன் அறத்தைத் தள்ளிப்போடுகிறான். முதலில் வலையைச் சுருட்டுபவன் நட்டப்படலாம். அறத்தின் பக்கம் நிற்பவன் அவனே.