தேளும் விவேகமும்

என் சிறு பிராயத்திலே, மாரிகாலத்து மாலையொன்றில், அடுப்புக்கென அடுக்கியிருந்த பனைமட்டைகளில் ஒன்றை ஆச்சி இழுத்தபோது, அதனடியில் நட்டுவக்காலி என்னும் பெருந்தேள் ஒன்று கிடந்தது. அதன் கரிய முதுகை மறைத்தபடி வெண்ணிறக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டியிருந்தன. “பிள்ளையளோடை எண்டாலும் நஞ்சு நஞ்சுதான், மோனை” என்று சொல்லி, ஆச்சி அதை விளக்குமாற்றால் அடித்துவிட்டார். தேள் முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈன்று, அவை முதன்முறை தோலுரிக்கும்வரை முதுகிற் சுமந்து திரியும் என்பதைப் பிற்காலத்திலேதான் படித்தறிந்தேன்.

ஓர் உயிரியற் பேராசிரியர், தம் ஆயுளின் பெரும்பகுதியை இத்தகைய ஜீவனுக்கென்றே செலவிடுதல் தகுமா என்ற வினா நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்தது. இரவிலே புறஊதா விளக்கை ஏந்தி, அவ்வொளியில் பச்சை கலந்த நீலமாய் மின்னும் உடல்களைத் தேடி நடப்பதும், பகலிலே நுணுக்குக்காட்டியின் கீழ் வயிற்றடிச் சீப்புறுப்பின் பற்களையும், கிடுக்கிகளில் உணர்மயிர் நிற்கும் இடங்களையும் எண்ணிக் குறிப்பதுமாகவே அவர் வாழ்நாள் கழிகிறது.

அவ்வினாவுக்கான விடை என் ஊரிலேயே கிடைத்தது. 1798இல் பப்ரீசியஸ் என்னும் தென்மார்க்கு அறிஞர் ஒரு சிறு செந்தேளுக்குத் தமிழரின் பெயரால் ‘தமுலஸ்’ எனப் பெயரிட்டார். பின்வந்தோர் அதனைப் பேரினம் விட்டுப் பேரினம் மாற்றி, இன்று ஹொட்டென்டொட்டாவில் வைத்துள்ள போதிலும், ‘தமுலஸ்’ என்ற சொல் மட்டும் மாறவில்லை. இந்தியாவில் நெடுங்காலம் அறியப்பட்டிருந்த அத்தேள் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டென்பதை, பேராதனைப் பல்கலைக்கழகத்து ரணவனவும், மருத்துவர்களும், செக் நாட்டுத் தேளியலாளர் கோவாரிக்கும் சேர்ந்து 2013இலேதான் முதன்முதலாக வெளியிட்டனர். அதன் நஞ்சு நரம்புகளைக் கொந்தளிக்கச் செய்து, இருதயத்தைத் தளர்த்தி, நுரையீரலில் நீர் கோக்கச் செய்யவல்லது. அதற்குப் பிரசோசின் என்னும் மருந்து உதவும் என்பதை மகாராஷ்டிரத்து மஹாடில் பணிபுரிந்த மருத்துவர் பவாஸ்கர் காட்டினார். கொட்டியது எதுவென்று அறிந்த மருத்துவனோ, கடுப்பைத் தணித்ததோடு அமையாமல் இருதயத்தையும் காத்திருந்து கவனிப்பான்.

பருத்த கிடுக்கியும் மெலிந்த வாலும் உடைய தேளின் நஞ்சு பெரும்பாலும் மெல்லியது. மெலிந்த கிடுக்கியும் தடித்த வாலும் உடையதே அஞ்சத்தக்கது. நாமோ உருவத்தையும் கருமையையும் கண்டு நடுங்கி, விரலளவேயான செந்தேளை அலட்சியம் செய்கிறோம். மனிதரிடத்தும் நம் அச்சம் இவ்வாறே நடந்துகொள்கிறது. விவேகம் என்ற வடசொல்லுக்கே பகுத்தறிதல் என்பதுதான் பொருள். அச்சம் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி வைக்க, பற்களை எண்ணிய அப்பேராசிரியர் அக்குவியலைப் பொறுமையோடு பிரித்து வைத்தார். அந்தப் பொறுமைக்கு ஓர் ஆயுளைக் கொடுத்தது வீணாகாது.

இன்றும் முற்றத்துப் பனைமட்டையை நீண்ட தடியால் நெம்பும்போது, முதலில் கிடுக்கியைப் பார்க்கிறேன். அது பருத்ததாயின், மட்டையை இருந்தபடியே மெல்ல இறக்கி வைத்துவிட்டு, வேறு விறகு தேடிப் போகிறேன்.