கண் கொடுத்தவர் கைவிடலாமா?

ஸ்ரீரங்கத்தில் உடையவரைச் சேவிக்கும்போது, அவருக்காகத் தன் கண்களை இழந்த கூரத்தாழ்வானையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில், 'காஞ்சி வரதனிடம் கண்களைக் கேள்' என்று ராமானுஜரே சொன்னார். ஆழ்வானோ, தன் துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கும் நற்கதி கேட்டார். மறுபடி வற்புறுத்தியபோது, பெருமாளையும் ஆசார்யரையும் காணும் பார்வை மட்டும் போதும் என்றாராம்!

சுந்தரர் நேர்மாறு. திருவொற்றியூரில் சங்கிலியாரிடம், 'பிரியேன்' என்று தந்த வாக்கை மீறிக் கண்ணிழந்தவர், ஈசனிடம் உரிமையோடு சண்டையிட்டார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில்தான் வலக்கண்.

இருவரில் யார் கேட்டது சரி? இன்றைய மருத்துவமும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் அழிந்தாலும், அடுத்துள்ள நரம்புச் செல்கள் பல பிழைத்திருக்கும். கண்ணாடியில் பொருத்திய கேமரா காட்சியைப் பிடிக்க, கண்ணுக்குள் பதித்த கருவி மின்துடிப்பால் அந்தச் செல்களைத் தூண்டும். இதுதான் செயற்கைப் பார்வை. அமெரிக்கா 2013-ல் அனுமதித்த 'ஆர்கஸ் 2' கருவியில் 60 மின்முனைகள் இருந்தன. வாசல், நடைபாதை விளிம்பு, ஆள் வருவது ஆகியவை ஒளிப்புள்ளிகளாகத் தெரியும், அவ்வளவுதான். முதுமையில் நடுப்பார்வை இழந்தவர்களுக்கு 'பிரிமா' என்ற 2 மில்லிமீட்டர் சதுரச் சிப் வந்திருக்கிறது. ஓராண்டுக்குப் பின் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வை நன்கு கூடியதாக 2025-ல் ஆய்வு வெளியானது.

ஆக, இப்போதைக்கு மனிதன் தரக்கூடியது கண் அல்ல, வெண்பாக்கத்து ஊன்றுகோல்தான். அதுவும் பெரிய கொடையே!

ஆனால், நடந்ததைப் பாருங்கள். லாபமில்லை என்று ஆர்கஸ் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. உலகெங்கும் அதைப் பொருத்திக்கொண்ட 350-க்கும் மேற்பட்டோர், பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தார்கள். ஒருவரின் கண்ணுக்குள் கருவியை வைப்பதும், 'பிரியேன்' என்று வாக்குத் தருவதும் வேறு வேறா என்ன? ஊன்றுகோல் தந்த ஈசன், திருவாரூர் வரை சுந்தரரைக் கைவிடவில்லையே!

கேட்பதும் வேண்டாமென்பதும் பார்வையற்றவரின் உரிமை. சுந்தரரும் சரி; ஆழ்வானும் சரி. ஆனால், கொடுத்தவருக்குப் பாதியில் விலகும் உரிமை கிடையாது.

இது விஞ்ஞானிகளுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். மலைக்கோட்டைப் படியிலோ ரங்கா ரங்கா கோபுர வாசலிலோ பார்வையற்ற ஒருவரைக் கண்டால், பரிதாபப்பட்டுக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 'என்ன உதவி வேண்டும்?' என்று கேளுங்கள். அவர் கரம் நீட்டினால், சேர வேண்டிய இடம்வரை உடன் செல்லுங்கள்.