வேடம் பூண்ட மருத்துவர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊர் உள்ளது. 1863ஆம் ஆண்டு சூலைத் திங்களின் முதல் மூன்று நாள்களில் அவ்வூரைச் சுற்றி நடந்த உள்நாட்டுப் போரில், இருதரப்பிலும் மாண்டோரும் புண்பட்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 50,000 பேர் என்பது கணக்கு. அப்போரையும் அதுபோன்ற பிற போர்களையும் மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதைச் சிலர் தம் வாழ்வின் பெரும்பணியாகவே கொண்டிருக்கின்றனர். வார நாள்களில் ஆசிரியராகவும் கணக்கராகவும் ஓட்டுநராகவும் இருப்போர் விடுமுறையில் நீலச் சீருடையோ சாம்பல்நிறச் சீருடையோ அணிந்து அணிவகுப்பர். துப்பாக்கி வெடிக்கும், புகை எழும், சிலர் விழுவர். மாலையில் விழுந்தவரெல்லாம் எழுந்து வீடு திரும்புவர்.

அந்த அணிவகுப்புக்குச் சற்று அப்பால், மரநிழலில் ஒரு கூடாரம் இருக்கும். அதன் முன்னே இரண்டு மரப்பீப்பாய்களின்மேல் கிடத்திய கதவுப்பலகை. பலகைமேல் எலும்பறுக்கும் இரம்பம், நீண்ட கத்திகள், குருதிப்போக்கை நிறுத்த இறுக்கும் வார்ப்பட்டை. அருகே ஒரு வாளி நீர், அதில் மிதக்கும் கடற்பஞ்சு. கறைபடிந்த மேலாடையுடன் அங்கு நிற்பவரே படையின் மருத்துவர். சிறுவர் கூட்டம் அவரைத்தான் மொய்க்கும். இரம்பத்தைக் கண்டதும் அவர்கள் முகத்தில் அச்சமும் ஆவலும் ஒருங்கே தோன்றும். அந்த மெய்ப்பாடு பெரியவர்களிடமும் இல்லாமலில்லை.

பிறர் பட்ட துன்பத்தைக் காட்சியாக்கலாமா என்னும் கேள்வி பழையது. 1961ஆம் ஆண்டில், போரின் நூற்றாண்டையொட்டி, மனாசஸ் என்னுமிடத்தில் நடந்த முதற்பெரும் போரை நடித்துக் காட்டினர். கண்டு களித்தோர் பலர். மாண்டோரை இழிவுபடுத்தும் கேளிக்கை என்று கண்டித்தோரும் உண்டு. அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை, தன் காப்பிலுள்ள போர்க்களங்களில் இருதரப்பும் மோதும் போலிப்போரை அனுமதிப்பதில்லை. உயிர் நீத்தோரின் மண்ணில் பொய்யாகச் சாவது முறையன்று என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். மருத்துவ வேடத்திலோ இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று இருக்கிறது. படைவீரராக வருபவர் வீரத்தை நடித்தால் போதும். மருத்துவராக வருபவர் அறியாமையை நடிக்க வேண்டும்.

அவ்வறியாமை சிறிதன்று. 1863இல் களத்தில் நின்ற மருத்துவர்க்கு நோய்க்கிருமி என்னும் கருத்தே கிடையாது. ஒருவனது புண்ணுக்குள் விட்டுக் குண்டைத் தேடிய விரலை, மேலாடையில் துடைத்துவிட்டு அடுத்தவனது புண்ணுக்குள் விடுவார். அதே கடற்பஞ்சு, அதே வாளி நீர், அதே கத்தி. சீழ் வடிவது புண் ஆறுவதன் நல்ல அறிகுறி என்றுகூடப் பலர் நம்பினர். அப்போரில் குண்டுபட்டு மாண்டோரைவிட நோயுற்று மாண்டோர் ஏறத்தாழ இருமடங்கு. புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் தூய்மை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் ஸ்காட்லாந்தில் முதன்முதலாகக் கையாண்டது 1865ஆம் ஆண்டு ஆகஸ்டில். போர் ஓய்ந்த சில திங்களில். அவர் அதை வெளியிட்டது 1867இல்.

இதனைக் கேட்டவுடன் அம்மருத்துவர்களைக் கசாப்புக்காரர் என்று தூற்றத் தோன்றும். கூடாரத்தைச் சூழும் கூட்டமும் பெரும்பாலும் அதையே எதிர்பார்த்து வருகிறது. வலி தாங்காது வாயில் குண்டைக் கவ்விய வீரனையும், இரக்கமின்றி அறுக்கும் மருத்துவனையும் அது காண விரும்புகிறது. உண்மை வேறு. ஈதர் 1846இல் பாஸ்டனிலும், குளோரோபாம் அதற்கடுத்த ஆண்டு எடின்பரோவிலும் பயனுக்கு வந்துவிட்டன. அப்போரின் அறுவைகளுள் மிகப் பெரும்பாலானவை மயக்க மருந்தின் துணையோடுதான் நடந்தன. உறுப்பை நீக்கியதும் கொடுமையால் அன்று. மினியே என்னும் மென்மையான ஈயக்குண்டு எலும்பைத் துளைத்துச் செல்லாது, நொறுக்கிவிடும். நொறுங்கிய எலும்போடு அழுக்கும் துணியும் உள்ளே புதைந்த நிலையில், முதல் இரண்டு நாள்களுக்குள் உறுப்பை நீக்குவதே உயிரைக் காக்கும் வழியாக இருந்தது. வடபடையில் பதிவான உறுப்பு நீக்கங்கள் ஏறத்தாழ 30,000. அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர், எஞ்சியோர் பிழைத்தனர். புண்பட்டோரைக் களத்திலிருந்து வண்டிகளில் முறைப்படி அகற்றும் ஏற்பாட்டை ஜோனதன் லெட்டர்மன் 1862இல் வகுத்ததும் அந்தத் தலைமுறையின் செயலே. கூட்டத்தை மகிழ்விக்க எண்ணி இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு இரம்பத்தை மட்டும் உயர்த்திக் காட்டுபவர், இறந்தோர்மீது பழி சுமத்துகிறார். மறுப்புரைக்க இறந்தோர் வரமாட்டார்கள்.

வேடம் பூண்போர் பேசும் முறை இரண்டு. இலக்கணம் கற்றோர் அவற்றைத் தன்மை, படர்க்கை என எளிதில் பெயரிட்டுக்கொள்ளலாம். படர்க்கையில் பேசுபவர், "அந்நாள் மருத்துவர் கிருமியை அறியார், ஆகவே கை கழுவவில்லை" என விளக்குவார். அது பொய்யில்லாத பேச்சு, மாணவர்க்கு ஏற்றது. ஆனால் கேட்போர் அந்நாளினரைவிடத் தாம் ஒரு படி உயர்ந்தவர் என்னும் நிறைவோடு வீடு திரும்புவர். தன்மையில் பேசுபவரோ 1863ஐ விட்டு வெளியே வரமாட்டார். "ஏன் ஐயா, கை கழுவவில்லை?" என்று கேட்டால், "எதற்காக?" என்று உண்மையான வியப்போடு திருப்பிக் கேட்பார். கூட்டம் சிரிக்கும். சிரித்தவருள் எவரேனும் ஒருவர், இன்று தாம் ஐயமின்றிச் செய்யும் எதை நூறாண்டு கழித்துப் பிறர் எண்ணி நகைப்பரோ என்று அஞ்சத் தொடங்கினால், வேடம் தன் பயனை அடைந்துவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

ஆயினும் அறியாமை எல்லாம் ஒரே தன்மையது அன்று. அறிய வழியில்லாமை ஒன்று. அறிவித்தும் ஏற்க மறுப்பது மற்றொன்று. பிரசவ விடுதியில் மருத்துவர் கை கழுவினால் தாய்மார் சாவு குறைகிறது என 1847இலேயே வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டினார். மருத்துவ உலகம் பெரிதும் செவிசாய்க்கவில்லை. கலோமெல் என்னும் பாதரச மருந்து நோயாளரைக் கெடுக்கிறது எனக் கண்ட வில்லியம் ஹேமண்ட், வடபடையின் தலைமை மருத்துவர் என்னும் முறையில், 1863இல் அதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். மருத்துவர்களே அவர்மேல் சீறினர். மேலிடத்துப் பகையும் சேர்ந்துகொள்ள, மறு ஆண்டே அவர் பதவியிழந்தார்.

போருக்குப் பின் நடந்தவை இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். வில்லியம் கீன் இளமையில் அப்போரில் மருத்துவராய் இருந்தவர். 1932 வரை வாழ்ந்தவர். 1876இல் லிஸ்டர் பிலடெல்பியாவுக்கு வந்து தம் முறையை விளக்கிய பின், காலந்தாழ்த்தாது அதை ஏற்றோருள் அவரும் ஒருவர். முதுமையில், சீழும் குருதியும் படிந்த மேலாடையோடு, தூய்மை செய்யாத கைகளால் அன்று தாமும் பிறரும் அறுவை செய்ததை ஒளிக்காமல் எழுதிவைத்தார். இன்னொரு புறம், 1881இல் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, கழுவாத விரல்களைப் புண்ணுக்குள் விட்டுக் குண்டைத் தேடினர். லிஸ்டரின் முறை வெளியாகி அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குச் சிகிச்சை அளித்தோருள் தலைமையானவரும் அதே போரின் மருத்துவரே. சூலையில் சுடப்பட்டவர் செப்டம்பரில் மாண்டார்.

இருவரும் ஒரே களத்தில் ஒரே வகை மேலாடை அணிந்து நின்றவர்கள். 1863இல் அவர்களைப் பார்த்தவர் எவரும், இவர் கற்பார், அவர் கல்லார் எனப் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அவர்களே தம்மை அறிந்திருக்கமாட்டார்கள். எனவே வேடம் பூணும் மருத்துவர் வெறும் அறியாமையை மட்டும் நடித்தால் பாதி வேலைதான் முடியும். தாம் நடிக்கும் மனிதர் பின்னாளில் எவராக மாறுவார் என்பதையும் அவர் உள்ளத்துள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதை முகத்தில் காட்டவும் கூடாது.

என்றேனும் ஒரு சிறுமி கூட்டத்தின் முன்னே வந்து, "ஐயா, கை கழுவினால் இவர்கள் பிழைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்பீர்களா?" என்று வினவக்கூடும். கருவிகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் கேட்டால் அக்கால நூல்களைப் பார்த்து விடை சொல்லலாம். இந்த வினாவுக்குரிய விடை அந்நூல்களில் இல்லை. 1863ஆம் ஆண்டின் குரலில், அவர் தாமாகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.