வெள்ளை ரத்தம்

மீன் வாங்கப் போனால் முதலில் செவுளைத் தூக்கித்தான் பார்ப்போம். சிவந்திருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம். அண்டார்டிகாவின் பனிமீனிடம் இந்தச் சோதனை செல்லாது. உயிரோடு துள்ளும்போதே அதன் செவுள் வெளுத்துத்தான் இருக்கும். ரத்தத்துக்கு நிறமே கிடையாது.

தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போன நார்வேக்காரர்கள் 'ரத்தமில்லாத மீன்' என்று பேசிக்கொண்டார்கள். விலங்கியலாளர் யோஹான் ரூட் முதலில் அதை நம்பவில்லை. பிறகு அவரே ஆராய்ந்து, 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்: சிவப்பணு இல்லை, ஹீமோகுளோபின் இல்லை.

அப்புறம் எப்படிப் பிழைக்கிறது? குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும். அது நேராக ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கலந்துவிடுகிறது. ஆனால் சிவப்பு ரத்தம் சுமப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதனால் சுமக்க முடியாது. அதை ஈடுகட்டப் பெரிய இதயம், அகலமான குழாய்கள், பல மடங்கு ரத்தம். இதை இயற்கையின் சாமர்த்தியம் என்று மெச்சுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போதோ ஒரு மரபணு தொலைந்துபோயிற்று. குளிர் அந்தக் குறையைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

2021 தொடக்கத்தில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் வெடெல் கடலில் ஒரு கேமராவைக் கட்டி இழுத்துச் சென்றது. சுமார் 500 மீட்டர் ஆழம். தரையில் ஒரு வட்டக் குழி; நடுவே சிறு கற்கள், அவற்றின்மேல் முட்டைகள், பக்கத்தில் அசையாமல் காவல் இருக்கும் ஒரு பனிமீன். தள்ளி இன்னொரு குழி, அப்புறம் இன்னொன்று. மணிக்கணக்கில் படம் பிடித்தும் கூடுகள் முடியவில்லை. 240 சதுர கிலோமீட்டரில் சுமார் 6 கோடிக் கூடுகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். உலகில் இதுவரை கண்டறியப்பட்ட மீன் குடியிருப்புகளில் இதுவே பெரியது. சீல்களுக்கும் அங்கே நல்ல வேட்டை.

கடல் சூடேறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனின் உடம்புக்கோ தேவை கூடும். மற்ற மீன்கள் சிவப்பணுக்களை நம்பிச் சமாளிக்கலாம். இதற்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

வெடெல் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கும் யோசனையை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் முன்வைத்தது. 2021இல் இந்தியாவும் அதற்கு ஆதரவு தெரிவித்தது. அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்களைக் காக்கும் ஆணையத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.