நினைவு வேறிடத்தில் இருக்கும்போது

டேட்டா சென்டர்களில் அடுக்கி நிற்கும் சர்வர்களில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு டிஸ்க்கூடக் கிடையாது. பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, பின்பக்கம் இரண்டு மூன்று நெட்வொர்க் கேபிள் உண்டு, அவ்வளவுதான். அவை விழித்தெழத் தேவையான இயங்குதளம்கூட வேறொரு வரிசையில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் கிடக்கிறது. இதற்கு வழிசெய்யும் நெறிமுறைகளில் ஒன்று ஐஸ்கசி. கணினியும் டிஸ்க்கும் தமக்குள் பேசிக்கொள்ளும் ஸ்கசி மொழி 1986இல் தரப்படுத்தப்பட்டது. சில மீட்டர் நீளக் கேபிளுக்கென்று பிறந்த அந்தக் கட்டளைகளை டிசிபி பொட்டலங்களில் ஏற்றி, மின்னஞ்சலும் வீடியோவும் போகிற அதே ஐபி நெட்வொர்க்கில் அனுப்ப முடியும் என்று காட்டி, 2004இல் ஆர்எஃப்சி 3720 என்ற ஆவணம் ஐஸ்கசியை வரையறுத்தது. சர்வர் ஒரு பிளாக்கைக் கேட்கிறது, பிளாக் வந்து சேர்கிறது. அது தன் பெட்டிக்குள்ளிருந்து வந்ததா, கட்டடத்தின் மறுகோடியிலிருந்து வந்ததா என்று அதன் கோப்பு முறைமைக்குத் தெரியாது.

ஒருவருடைய நினைவுதான் அவரா என்ற பழைய கேள்வியை உரசிப் பார்க்க இந்த ஏற்பாட்டைவிடத் தெளிவான உரைகல் எனக்குத் தெரியவில்லை. மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரையும் இழந்துவிட்ட தாயைப் பற்றி, “அவங்க எப்பவோ போயிட்டாங்க, உடம்புதான் இருக்கு” என்று வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். துக்கத்தில் வரும் வார்த்தை என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு தத்துவக் கொள்கை உட்கார்ந்திருக்கிறது: நினைவு போனால் ஆளும் போனார். அந்தக் கொள்கை தவறு என்பதே என் வாதம்.

அதன் வலுவான வடிவத்தைத் தந்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்த அத்தியாயத்தில் ஒரு கற்பனை வருகிறது. ஓர் இளவரசனின் ஆன்மா அவனுடைய கடந்தகால நினைவுகளோடு செருப்பு தைப்பவரின் உடலில் புகுந்தால், அந்த உடலில் இப்போது இருக்கும் ஆள் இளவரசனே என்கிறார் லாக். தமிழ் வாசகருக்கு இதில் புதுமை இல்லை. சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் சிவயோகியார் புகுந்த கதையில், உடல் அதுவே என்றாலும் தமக்கும் அவளுக்கும் உறவு ஏதுமில்லை என்று மூலனின் மனைவியிடம் அவர் சொல்லிவிடுகிறார். கதையாக நாம் கேட்டதை ஐஸ்கசி அன்றாட வேலையாகச் செய்கிறது. ஒரு சர்வரின் மதர்போர்டு போய்விட்டால் அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றைச் சொருகி, பழைய சர்வரின் பெயரைக் கொடுத்து, அதே டிஸ்க்கை இணைத்தால் போதும். புதிய உடல் பழைய கணக்குகளோடும் பழைய கடவுச்சொற்களோடும் எழுந்துகொள்ளும். பெயர் வைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ‘ஐக்யூஎன்’ எனப்படும் ஐஸ்கசிப் பெயரில் ஐபி முகவரிக்கு இடமில்லை. ஓர் ஆண்டும் மாதமும், அந்தக் காலத்தில் ஓர் அமைப்புக்கு உரியதாக இருந்த டொமைன் பெயரும் அதில் இருக்கும். டொமைன் பிறகு கைமாறினாலும் பழைய பெயர் குழம்பாமலிருக்கத்தான் அந்தத் தேதி. ஆக, பெயருக்குரியது எங்கே இருக்கிறது என்ற கேள்வியே பெயருக்குள் இல்லை. உடல் ஆளல்ல என்ற அளவில் லாக் சொன்னது சரி.

அவர் அடுத்து வைக்கும் அடிதான் தவறு. உடல் ஆளல்ல என்றால் நினைவே ஆள் என்று முடிவுகட்டலாமா? அதே டிஸ்க்கை ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஐஸ்கசி அதைத் தடுக்காது. சாதாரணமான ஒரு கோப்பு முறைமை அந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கொள்வோம். எந்த பிளாக் காலி, எது நிறைந்தது என்ற பட்டியலை இரண்டு சர்வர்களும் படித்துத் தம்தம் மெமரியில் வைத்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் இரண்டின் நினைவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்று, காலி பிளாக் ஒன்றில் ஒரு கடிதத்தை எழுதுகிறது. மற்றதன் பட்டியலில் அந்த பிளாக் இன்னும் காலிதான். அதன் மேலேயே அது ஒரு படத்தை எழுதுகிறது. எழுதிய நேரத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டுமே சரியாக நடந்துகொண்டதாகவே நினைத்திருக்கும். பின்னொரு நாள் சோதனை நிரலை ஓட்டும்போதுதான் ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுவது தெரியவரும்; அதற்குள் கடிதம் போயிருக்கும். நினைவுதான் ஆள் என்றால், ஒரே நினைவுள்ள இரண்டும் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை, இரண்டும் இரண்டாகவே நின்று, பொதுவாக இருந்த நினைவை அழித்துவிட்டன. தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1950களில் லாக்கின் வழிவந்தவர்களை நோக்கி எழுப்பிய மறுப்பு இதுதான். எப்போதோ இறந்துபோன ஆங்கிலேயச் சதிகாரர் கை ஃபாக்ஸின் நினைவுகளோடு ஒருவர் இன்று எழுந்தால் அவரே கை ஃபாக்ஸ் என்போம். அதே நினைவுகளோடு அவருடைய சகோதரரும் எழுந்தால் என்ன சொல்வோம் என்று கேட்டார் அவர். டேட்டா சென்டரில் அதற்கு நேரான காட்சியும் உண்டு. ஒரு சர்வரை அச்சு அசலாகப் பிரதியெடுக்கும்போது ஐக்யூஎன் பெயரையும் மாற்றாமல் விட்டுவிட்டால், ஸ்டோரேஜ் பெட்டி இருவரையும் ஒருவர் என்றே எண்ணும். ஒன்று உள்ளே வந்ததும் மற்றதன் இணைப்பை அறுக்கும். அறுபட்டது மறுபடி வந்து இதை அறுக்கும். யாராவது ஒன்றின் பெயரை மாற்றும்வரை இது ஓயாது.

ஒரே டிஸ்க்கில் இரண்டு சர்வர்கள் எழுதும் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று எழுதும் உரிமையைப் பதிவுசெய்வது. எத்தனை சர்வர் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதும் உரிமை ஒன்றுக்கு மட்டும் என்று வைக்கலாம். அந்த உரிமைப் பதிவு இருக்கும் இடம் சர்வர் அல்ல, ஸ்டோரேஜ். நான்தான் உரியவன் என்று ஒரு சர்வர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதால் பயனில்லை. எதிரே இருப்பது ஏற்க வேண்டும். இங்கே எனக்குச் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு நூற்பாக்களே கொண்ட அந்த நூலில் மெய்கண்டார், ஆன்மா உடலும் அல்ல, மனம் முதலான அந்தக்கரணங்களும் அல்ல என்று நிறுவிவிட்டு, ஆன்மாவுக்கும் அந்தக்கரணங்களுக்குமான உறவை அரசனுக்கும் அமைச்சனுக்குமான உறவாகக் காட்டுகிறார். நினைத்துவைத்திருப்பது அமைச்சன் வேலை. அதோடு, ஆன்மா தானே விளங்கும் பொருளும் அல்ல. ஒன்றைச் சார்ந்தே அறிவது என்பதால் அதைச் சதசத்து என்கிறது சித்தாந்தம். சித்தாந்தம் சொல்லும் சார்பு இறைவனைச் சார்ந்தது; நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. நினைவு ஒருவரிடம் உள்ள உடைமை. அவரை ஒருவராக நிறுத்துவது, செய்வதற்கும் செய்ததற்கு உரியவராவதற்கும் அவருக்குள்ள இடம். அந்த இடத்தை அவர் தனியே வைத்திருக்கவில்லை. மற்றவர்களும் சேர்ந்து காக்கிறார்கள்.

உணர்வே இல்லாத யந்திரத்தைக் காட்டி உயிரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். சர்வருக்கு ஆன்மா உண்டென்று நான் சொல்லவில்லை. நினைவின் தொடர்ச்சியே ஆளின் தொடர்ச்சி என்பது அமைப்பைப் பற்றிய ஒரு கூற்று. உணர்வின் பனிமூட்டம் இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் அது நிற்கிறதா விழுகிறதா என்பது துலக்கமாகத் தெரிகிறது. பௌத்தரின் மறுப்பு இதைவிடக் கனமானது. உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை, கணந்தோறும் மாறும் ஓட்டமே உண்டு, நீங்கள் சொல்லும் பதிவும் வழக்கில் இட்ட ஒரு பெயர்தான் என்பார்கள் அவர்கள். வழக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஓட்டத்தின் வினைப்பயன் இன்னோர் ஓட்டத்தில் போய் விழாது என்று பௌத்தரும் சொல்கிறார்கள். அந்த எல்லையைப் பேணுவது வழக்கென்றால், வழக்கு அற்பமான பொருள் அல்ல.

எனக்கு உண்மையிலேயே கடினமாகத் தோன்றும் கேள்வி வேறு. மறதி முற்றிய தாயால் எதையும் செய்யவும் முடிவதில்லை, எதற்கும் பொறுப்பேற்கவும் முடிவதில்லை. அப்படியிருக்க அவருடைய இடம் எங்கே மிஞ்சுகிறது? உரிமை பெற்ற சர்வர் அணைந்துபோனால் அந்தப் பதிவு தானாக அழிவதில்லை. ஸ்டோரேஜ் பக்கத்தில் அது அப்படியே நிற்கும். நீக்க வேண்டுமானால் பதிவுசெய்த இன்னொரு சர்வர் அதற்கென்றே உள்ள கட்டளையை அனுப்ப வேண்டும். சில நேரம் அது தேவைப்படத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு செயல், அனுப்பியவர் பெயரில் நிகழும் செயல். “அவங்க போயிட்டாங்க” என்பதும் அத்தகையது. இருப்பதைப் பார்த்துச் சொல்லும் செய்தி போல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒருவருடைய இடத்தை எடுத்துவிடும் கட்டளை. கட்டளை என்று தெரிந்தால் அதைச் சொல்லுமுன் நாக்கு தயங்கும்.

கேபிள் அறுந்தால் சர்வர் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தன் டிஸ்க் அழிந்துவிட்டதென்று லினக்ஸ் உடனே முடிவுகட்டுவதில்லை. எழுத வேண்டியவற்றையும் கேட்க வேண்டியவற்றையும் வரிசையில் நிறுத்திவைக்கிறது. அவற்றைக் கேட்ட நிரல்கள் அசையாமல் நிற்கின்றன. எவ்வளவு நேரம் என்பதை ஐஸ்கசி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சொல்கிறது. வழக்கமாக அங்கே இருக்கும் எண் 120 வினாடி. பூஜ்ஜியம் என்று எழுதினால் உடனே கைவிட்டுவிடும். அதற்கும் கீழே, கழித்தல் ஒன்று என்று எழுதினால், இணைப்பு திரும்பும்வரையோ, ஒரு மனிதர் வந்து தன் கையால் வெளியேற்றும்வரையோ அது காத்துக்கொண்டே இருக்கும்.